ரிஸ்க் ரெஜிஸ்டர் வெறும் கண்துடைப்பா?

கேள்வி | ஜூன் 3, காலை 11.20

எங்கள் ப்ராஜெக்டில் 40 வரி ரிஸ்க் ரெஜிஸ்டர், அதாவது என்னென்ன தவறிப்போகலாம் என்ற பட்டியல், இருக்கிறது. வாராவாரம் திங்கட்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிறோம். மதிப்பெண் உண்டு, சிவப்பு மஞ்சள் பச்சை உண்டு. போன மாதம் எங்களைக் கவிழ்க்கப் பார்த்த விஷயமும் 17-ஆவது வரியாக அதிலேயே இருந்தது. இருந்தும் யாரும் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதே நாளைக்குப் பழி வந்தால் எடுத்துக் காட்டுவதற்கான காகிதம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 3, இரவு 9.45

பாதியை மறுக்கிறேன்.

உங்கள் பழைய கூட்டக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். அந்த ரெஜிஸ்டரைப் படித்த காரணத்தால் ஏதாவது ஒரு முடிவு மாறியிருக்கிறதா? ஒரு தேதி தள்ளிப்போனதா, கூடுதலாக ஓர் ஆள் வந்தாரா, ஏதாவது ஓர் அம்சத்தை வெட்டினீர்களா? ஒன்றுமே மாறவில்லை என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி, அது காகிதம்.

17-ஆவது வரியைப் பார்க்காமலே ஊகிக்கிறேன். "வெண்டர் தாமதிக்கலாம். வாய்ப்பு: நடுத்தரம். பாதிப்பு: அதிகம். நடவடிக்கை: தொடர்ந்து கண்காணிக்கப்படும்." நான் பார்த்த ரெஜிஸ்டர்களில் பெரும்பாலானவை இந்த லட்சணத்தில்தான் இருக்கும். யார் கண்காணிப்பார்? எதைப் பார்த்தால் பதற வேண்டும்? பதறினால் என்ன செய்வது? அதைச் செய்ய யாரைக் கேட்க வேண்டும்? ஒன்றும் இருக்காது. நாங்களும் கவலைப்பட்டோம் என்பதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

ஆனால் இதை வைத்து "ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதே" என்று போவது கொஞ்சம் அதிகம்.

ஜூன் 3, இரவு 10.10

விட்டுப்போனது ஒன்று. 40 வரியை ஒரு மணி நேரத்தில் படித்தால் வரிக்கு ஒன்றரை நிமிடம். 17-ஆவது வரி வருவதற்குள் அறையில் பாதிப் பேர் போனுக்குள் போயிருப்பார்கள்.

ஜூன் 4, காலை 7.30

"மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தினால் முக்கியமானது தானாக மேலே வந்துவிடுமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வராது. ரிஸ்குக்கு மதிப்பெண் போடும் அந்தக் கட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்க வேண்டும். அடிக்கடி வரும் சில்லறைத் தொல்லை 5×1, அதாவது 5. எப்போதாவது வந்தால் கம்பெனியையே இழுத்து மூடவைக்கும் சங்கதி 1×5, அதுவும் 5. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நிறத்தில். முதலாவதை நாம் தினமும் அனுபவிப்பதால் பேச்செல்லாம் அதைப் பற்றியே போகும்.

அதற்கும் மேல், அந்த 1, 2, 3 எல்லாம் வெறும் வரிசை எண்கள். 4 என்பது 2-ஐப் போல இரு மடங்கு என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவரையும் மூன்றாவதாக வந்தவரையும் பெருக்கி யாராவது 6 என்று சொல்வார்களா?

லூயிஸ் ஆந்தனி காக்ஸ் என்பவர் 2008-ல் இந்தக் கட்டங்களைக் கணித ரீதியாகப் பிரித்து மேய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அரிதாக வருவது பெரிதாக அடிக்கும், அடிக்கடி வருவது லேசாக அடிக்கும் என்ற மாதிரி இடங்களில், கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பதைவிட இந்தக் கட்டம் மோசமாக வழிகாட்டக்கூடும் என்று காட்டினார். பிசினஸ் ப்ராஜெக்டுகளில் ரிஸ்க் பெரும்பாலும் அந்த மாதிரிதான் இருக்கிறது.

நான் பெருக்குவதை விட்டுவிட்டேன். இரண்டே இரண்டு பட்டியல். வந்தால் தாங்கிக்கொள்வோம் என்பது ஒன்று, வந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்பது இன்னொன்று. முதல் பட்டியலுக்குப் பணத்திலும் நாளிலும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, கூட்டத்தில் அதைத் தொடுவதே இல்லை. இரண்டாவதில் எப்போதும் நாலைந்துக்கு மேல் இருக்காது. அதற்கு வாய்ப்பு எத்தனை சதவீதம் என்ற சர்ச்சையும் வேண்டாம், முதலுக்கே மோசம் என்றால் சதவீதத்தை வைத்து என்ன செய்வது?

ஜூன் 4, இரவு 10.30

சதவீதத்தையே தூக்கிப் போடுகிறீர்களா என்று கோபம். இல்லை, அது உதவும் இடம் வேறு.

ப்ராஜெக்டில் 10 வேலைகள், பத்தும் முடிந்தால்தான் திறப்பு. ஒவ்வொருவரும் வந்து "90 சதவீதம் உறுதி, சொன்ன தேதியில் முடிப்பேன்" என்கிறார்கள். கேட்கும் மேனேஜருக்கு மனசு குளிர்ந்துவிடும். 0.9-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், 0.35 வரும். அதாவது எல்லோரும் உண்மையே பேசினாலும், எல்லோரும் திறமைசாலிகளாக இருந்தாலும், அந்தத் தேதியில் திறப்பதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். தேதி தவறும்போது "யார் சொதப்பியது" என்று ஆளைத் தேடுவார்கள். அப்படி ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை.

ஜூன் 5, காலை 6.50

ஒரு திருத்தம். அந்தப் பெருக்கல், வேலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்றால்தான் செல்லும். நடப்பில் அப்படி இருக்காது. ஒரே டெஸ்டர் நான்கு வேலைக்கும் ஓடுவார், ஒரே வெண்டர் மூன்று இடத்தில் இருப்பார். அப்போது பத்தும் சேர்ந்து சரியாக முடியும் வாய்ப்பு 35-ஐவிடக் கூடும். நல்ல செய்தி போலத் தோன்றும். தவறும்போது எல்லாம் சேர்ந்து கவிழும் என்பது அதன் மறுபக்கம்.

ரெஜிஸ்டரில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு முறை ஒரு ரெஜிஸ்டரில் "டேட்டா மாற்றம் தாமதமாகலாம்", "பயனர் பயிற்சி தாமதமாகலாம்", "அறிக்கைகளில் எண்கள் பொருந்தாமல் போகலாம்" என்று மூன்று தனித்தனி வரிகள், மூன்றும் மஞ்சள். ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்த்தால் மூன்றும் ஒரே மனிதரிடம் போய் நின்றன. பழைய சிஸ்டத்தில் எந்த டேபிளில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர். மூன்று மஞ்சள் இல்லை, ஒரே சிவப்பு. அவர் பெயர் அந்த எக்செலில் எந்த இடத்திலும் இல்லை.

ஜூன் 6, இரவு 11.00

நேற்று ஒருவர் கேட்டது: "அறிகுறி வந்தால் யாருக்காவது தெரியாமலா போகும்? இதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டுமா?"

2000-ஆம் ஆண்டு மார்ச் 17. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், ஆல்புகர்கி நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை. மின்னல் தாக்கி ஒரு சின்னத் தீ, சுமார் பத்தே நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் சிப் செய்யும் அறைகளில் தூசி கூடாது. புகையும் தண்ணீரும் உள்ளே போய்விட்டன. பிலிப்ஸ் தன் வாடிக்கையாளர்களிடம் ஒரு வாரம் தாமதமாகலாம் என்றது. அங்கிருந்து போன் சிப்கள் வாங்கியவர்களில் முக்கியமான இருவர் நோக்கியாவும் எரிக்சனும்.

இரண்டு பேருக்கும் வந்த தகவல் ஒன்றுதான். நோக்கியாவில் அந்தப் பாகங்களைத் தனிக் கவனிப்புப் பட்டியலில் போட்டார்கள், வாரம் ஒரு முறை விசாரித்ததைத் தினமும் விசாரித்தார்கள். ஒரு வாரம் என்பது மாதக்கணக்கில் இழுக்கும் என்று தெரிந்ததும் பிலிப்ஸின் மற்ற ஆலைகளையும் வேறு சப்ளையர்களையும் பிடித்துக்கொண்டார்கள். எரிக்சனில் அது ஒரு சாதாரணத் தாமதமாகக் கீழ்மட்டத்திலேயே தங்கிவிட்டது. மேலே இருப்பவர்களுக்குப் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆனது. சில பாகங்களுக்கு வேறு சப்ளையரும் இல்லை. நஷ்டம் சுமார் 40 கோடி டாலர். அடுத்த ஆண்டு எரிக்சன் தன் போன் தொழிலை சோனியோடு கூட்டாக மாற்றிக்கொண்டது. தீ மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஆண்டுக் கணக்கில் அது பெரிய ஓட்டை.

எரிக்சன்காரர்கள் முட்டாள்கள் இல்லை. "ஒரு வாரத் தாமதம்" என்று கேட்டவர் அதை உடனே மேலே சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்பதை அவர் தலையில் விட்டிருந்தார்கள். சின்ன விஷயத்துக்கு மேலதிகாரியைத் தொந்தரவு செய்தவன் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? எல்லை முன்பே எழுதியிருந்தால் அவர் யோசிக்கவே தேவையில்லை. மாற்று சப்ளையர் இல்லாத பாகம், மூன்று நாளுக்கு மேல் தாமதம், யாரிடமும் கேட்காமல் இன்னாரைக் கூப்பிடு. போதும்.

ஜூன் 7, மதியம் 1.15

ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் "90% முடிந்தது" என்று வருவதைப் பற்றிச் சிலர் புலம்பியிருக்கிறீர்கள். பெல் லேப்ஸில் இருந்த டாம் கார்கில் சொன்னதாக ஒரு பழைய ஜோக் உண்டு. முதல் 90 சதவீத வேலை முதல் 90 சதவீத நேரத்தை எடுத்துக்கொள்ளும், மிச்சமிருக்கும் 10 சதவீத வேலை இன்னொரு 90 சதவீத நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

சதவீதம் கேட்காதீர்கள். "இன்று யாராவது இதைப் பயன்படுத்திப் பார்க்க முடியுமா, முடியாதா" என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜூன் 9, இரவு 9.20

எல்லையை எழுதிவைப்பது பற்றி எதிர்க்குரல்கள் நிறைய. "களத்தில் நிலைமை வேறு, எழுதிவைத்ததைக் கட்டிக்கொண்டு அழ முடியாது" என்பது பொதுவான வாதம். நான் உள்ளே இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சரக்கு இருப்புக் கணக்கைப் பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்கு மாற்றும் இரவு. சனிக்கிழமை மாலை பழையதை நிறுத்துவது, இரவோடு இரவாக டேட்டாவை நகர்த்துவது, ஞாயிறு சரிபார்ப்பது, திங்கள் காலை கிடங்கு வழக்கம்போலத் திறப்பது. அதற்கு முந்தைய புதன்கிழமை, எல்லோரும் தூங்கி எழுந்து தெளிவாக இருந்தபோது, ஒரு தாளில் மூன்று வரி எழுதினோம். நள்ளிரவு 2 மணிக்கு இரு பக்க இருப்பையும் ஒப்பிட வேண்டும். பொருந்தாத வரிகள் 200-க்கு மேல் இருந்தால் பழையதற்கே திரும்ப வேண்டும். முடிவு கிடங்குத் தலைவருடையது.

மூன்றாவது வரிக்குத்தான் பெரிய சண்டை நடந்தது. ப்ராஜெக்ட் மேனேஜர்தானே முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். அவருடைய பெயர், வருட மதிப்பீடு, மேலிடத்தில் கொடுத்த வாக்கு எல்லாம் "மாறிவிட்டோம்" என்று சொல்வதில் இருக்கிறது. திங்கட்கிழமை லாரி வரிசையாக நிற்கும்போது பதில் சொல்லப்போவது கிடங்குக்காரர். அடி யாருக்கு விழுமோ அவர் கையில் முடிவு இருக்கட்டும் என்று ஒரு வழியாக ஒத்துக்கொண்டார்கள்.

இரவு 2 மணிக்குக் கணக்கு வந்தது, பொருந்தாதவை முந்நூற்றுச் சொச்சம். டெவலப்பர் பையன் பத்து நிமிடத்தில் காரணத்தைப் பிடித்துவிட்டான். பழையதில் சில பொருட்கள் பெட்டிக் கணக்கில் இருந்தன, புதியதில் உதிரி எண்ணிக்கையாகப் போயிருந்தன. "அரை மணி நேரம் கொடுங்கள், ஸ்கிரிப்டை மாற்றி ஓட்டிவிடுகிறேன்" என்றான். அறையில் இருந்த எல்லோரும் அதைத்தான் கேட்க ஆசைப்பட்டோம், என்னையும் சேர்த்துத்தான். கிடங்குத் தலைவர் மடித்து வைத்திருந்த அந்தத் தாளைப் பிரித்து மேஜையில் வைத்தார். "200 என்று எழுதியிருக்கிறது. திரும்பிப் போகலாம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

திங்கள் காலை பழைய சிஸ்டத்தில் கிடங்கு திறந்தது. சில வாரம் கழித்து மாறினோம்.

ஜூன் 9, இரவு 11.40

"அப்படியென்றால் அந்தப் பையன் சொன்னது தப்பாகப் போயிற்றா?" என்று உடனே கேள்வி. இல்லை, அவன் சொன்னது சரி. பிறகு சோதித்தபோது அந்த ஒரு காரணம்தான் இருந்தது, அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். அவன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அதைச் சொல்லிக் காட்டுவான்.

இருந்தாலும் அந்த இரவு எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். அந்த நேரத்தில் நமக்குத் தெரிந்தது, ஒரு காரணம் கிடைத்திருக்கிறது என்பது மட்டும். அதற்குப் பின்னால் இன்னொன்று இல்லை என்பது தெரியாது. எல்லோரும் இருபது மணி நேரமாக விழித்திருந்தோம். ஞாயிறு மதியத்துக்கு மேல் பழையதற்குத் திரும்பும் வழியும் அடைந்துவிடும். 200 என்பது குறைவு, 500 என்று வைத்திருக்கலாம் என்று வாதாடலாம், நியாயமான வாதம். அதை அடுத்த புதன்கிழமை பேசுங்கள். இரவு 2 மணிக்குப் பேசினால் அது வாதம் இல்லை, ஆசை.

ஜூன் 11, இரவு 8.30

அந்தக் கதையைப் படித்துவிட்டு "ஆக, ரோல்பேக் (பழையதற்கே திரும்பும் வழி) இருந்தால் கவலையில்லை" என்ற முடிவுக்குச் சிலர் போய்விட்டார்கள். நான் எழுதிய விதம் அப்படி இழுத்துக்கொண்டு போகிறது போலும். அதனால் இதையும் சொல்ல வேண்டும்.

நைட் கேபிடல், அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம், 2012 ஆகஸ்ட் 1. புதிய மென்பொருளை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும், 7-ல் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போயிற்று. இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை. விட்டுப்போன சர்வரில் 2003-லிருந்து பயன்படுத்தாத ஒரு பழைய நிரல் துண்டு அழிக்கப்படாமலே கிடந்தது. அதைத் தூண்டும் குறியையே புதிய மென்பொருளுக்கும் மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வர் கண்மண் தெரியாமல் ஆர்டர் போட ஆரம்பித்தது.

இப்போதுதான் ரோல்பேக். புதிய மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக ஏற்றியிருந்த 7 சர்வர்களிலிருந்தும் அதை எடுத்தார்கள். அவ்வளவுதான், பழைய துண்டு எட்டிலும் உயிர் பெற்றது. 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

இன்னொரு சங்கதி உண்டு. சந்தை திறப்பதற்கு முன்பே அந்தக் கோளாறைச் சுட்டும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. எச்சரிக்கையாகக் கருதிப் படிக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லப்படாத மின்னஞ்சல்கள். உங்கள் 17-ஆவது வரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன்கள்.

ஆக, பின்வாங்கும் வழியையும் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். நாங்கள் அந்தப் புதன்கிழமைக்கு முன்னால் ஒரு முழு ஒத்திகை பார்த்திருந்தோம், டேட்டாவைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தோம். அதை அன்றைக்கே எழுதியிருக்கலாம். சலிப்பான பகுதி என்பதால் கதையில் விட்டுப்போயிற்று. ஒத்திகை இல்லாமல் அந்த மூன்று வரித் தாளுக்கு மதிப்பே கிடையாது.

ஜூன் 12, காலை 7.10

சாலஞ்சர் விண்கலத்தை ஒருவர் இழுத்திருக்கிறார். சரியான இடத்தில்தான் இழுத்தார். 1986 ஜனவரி 27 இரவு, நாசாவும் ராக்கெட் பூஸ்டர் செய்த தியோகால் நிறுவனமும் தொலைபேசியில் பேசுகிறார்கள். குளிரில் பூஸ்டரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தியோகால் பொறியாளர்கள் சொல்கிறார்கள். நாசா தரப்புக்குப் பிடிக்கவில்லை. தியோகால் தங்களுக்குள் பேச 5 நிமிடம் கேட்கிறது, அது அரை மணி நேரம் ஆகிறது. பொறியாளர் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு நிர்வாகியாக யோசி என்ற அர்த்தத்தில் ஓர் உயரதிகாரி இன்னோர் அதிகாரியிடம் சொல்கிறார். திரும்பி வந்து "ஏவலாம்" என்கிறார்கள். மறுநாள் ஏவும்போது வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ். 73 விநாடியில் விண்கலம் சிதறியது. 7 பேர் இறந்தார்கள்.

எல்லை அங்கே இருந்தது, ஓர் எண்ணாகவே இருந்தது. கேள்வி தலைகீழாகிவிட்டது. வழக்கமாக, ஏவுவது பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டும். அன்று இரவு, ஏவினால் கட்டாயம் வெடிக்கும் என்று நிரூபிக்கச் சொல்வதுபோல் ஆகிவிட்டது. அதை எந்தப் பொறியாளராலும் செய்ய முடியாது.

பிசினஸில் உயிர் போவதில்லை, ஆனால் இதே திருப்பம் தினமும் நடக்கிறது. "தேதியில் திறக்க முடியாது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?" என்று ஒரு மேனேஜர் கேட்டால் அங்கேயே நிறுத்தி, கேள்வியைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். சொல்வது எளிது, செய்தால் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வராது, தெரியும்.

ஜூன் 12, இரவு 10.00

பூனைக்கு யார் மணி கட்டுவது என்றுதானே எல்லோரும் கேட்கிறீர்கள்.

கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007-ல் எழுதிப் பிரபலமாக்கிய முறை ஒன்று இருக்கிறது. ப்ராஜெக்ட் தொடங்கும் முன் எல்லோரையும் உட்காரவைத்து, "ஒரு வருடம் கழித்து இது படுதோல்வி அடைந்துவிட்டது, ஏன்?" என்று கேட்பது. "தோற்குமா?" என்று கேட்கக் கூடாது, தோற்றாகிவிட்டது. ஆளுக்கு ஒரு தாளில் காரணம் எழுத வேண்டும். எதிர்மறையாகப் பேசுகிறான் என்ற பெயர் யாருக்கும் வராது, கேட்டதைத்தானே எழுதினான்.

என் அனுபவத்தில் இரண்டு விஷயம் சேர்த்தால் வேலை செய்கிறது. எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, தாள்களைக் கலந்துவிட்டு யாராவது ஒருவர் படிக்க வேண்டும். அப்படி ஒரு முறை படித்தபோது ஒரே காரணம் நான்கைந்து தாள்களில் வந்தது: இந்தத் திட்டத்துக்கு ஆதரவாக இருக்கும் டைரக்டர் வேறு பிரிவுக்குப் போய்விடுவார், புதிதாக வருபவர் இதை மூடிவிடுவார். அந்த டைரக்டர் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு நொடி யாரும் மூச்சு விடவில்லை. அவர் சிரித்துவிட்டு, "பேச்சு நடக்கிறது, உண்மைதான்" என்றார். அன்றைக்கே திட்டத்தை இரண்டாக வெட்டினோம், அவர் இருக்கும்போதே முதல் பாதி தனியாகப் பயன்படும்படி. எந்த ரிஸ்க் ரெஜிஸ்டரிலும் இந்த வரியை எழுதும் தைரியம் யாருக்கும் வந்திருக்காது.

ஜூன் 14, மதியம் 2.40

"இப்படியெல்லாம் பார்த்தால் ஒரு தொழிலும் தொடங்க முடியாது." எதிர்பார்த்த வரி, பத்து நாள் தாமதமாக வந்திருக்கிறது.

எல்லா முடிவுக்கும் இவ்வளவு பாடு வேண்டாம். அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2015-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் முடிவுகளை இரண்டு வகை கதவுகளாகப் பிரித்தார். உள்ளே போய்ப் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாம் என்பது ஒரு வகை, போனால் திரும்ப முடியாதது இன்னொன்று. முதல் வகையைச் சீக்கிரமாக, நல்ல தீர்மானம் உள்ள தனி ஆட்களோ சிறு குழுக்களோ எடுக்கட்டும் என்றார். பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் இரண்டாம் வகைபோல நடத்தி மெதுவாகிவிடுகின்றன என்பது அவர் குறை. நான் எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறேன். பட்டனின் நிறத்துக்கு மூன்று கூட்டம் போடுவார்கள், ஐந்து வருட ஒப்பந்தத்தை வெள்ளிக்கிழமை மாலை கையெழுத்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இதில் சறுக்கும் இடம், திறந்திருக்கும் கதவு மெல்லச் சாத்திக்கொள்வது. சும்மா முயற்சிக்கு வாங்கிய மென்பொருளில் ஒரு வருட டேட்டா சேர்ந்த பிறகு அது முயற்சி இல்லை. அதனால் திரும்பலாம் என்ற முடிவுக்கும் "எந்தத் தேதிவரை திரும்பலாம்" என்று ஒரு தேதி வேண்டும்.

ஜூன் 15, இரவு 9.50

சிட்னி ஓப்பரா ஹவுஸைக் காட்டி ஒருவர் மடக்கப் பார்க்கிறார். "ரிஸ்க் பார்த்திருந்தால் அது கட்டப்பட்டே இருக்காது." 1957 மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், 1963 ஜனவரியில் முடிப்பதாகத் திட்டம். முடிந்தது 1973-ல், 10.2 கோடியில். இன்று அது உலகப் பாரம்பரியச் சின்னம், யாரும் வருத்தப்படவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டு முடிவுகளை ஒன்றாக்காதீர்கள். அந்தக் கட்டடத்தைக் கட்டுவது ஒரு முடிவு. கூரையை எப்படி நிற்கவைப்பது என்று தெரிவதற்கு முன்பே, அரசியல் அவசரத்தால் 1959 மார்ச்சில் அடித்தளத்தைத் தொடங்கியது இன்னொரு முடிவு. கூரையின் வடிவக் கணக்கு 1961 வாக்கில்தான் தெளிந்தது. ஏற்கெனவே எழுப்பிய தூண்கள் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று சிலவற்றை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. கட்டடக் கலைஞர் உட்சன் 1966-ல் விலகினார். முதல் முடிவின் அழகு இரண்டாவதை நியாயப்படுத்தாது.

நல்ல முடிவு, நல்ல விளைவு என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க, முடிவு எடுக்கும் அன்றே நாலு வரி எழுதிவைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. என்ன தெரியும், என்ன தெரியாது, எதை எதிர்பார்க்கிறோம், எது நடந்தால் மனதை மாற்றிக்கொள்வோம். பிறகு எழுதினால் நமக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்த மாதிரி மூளை ஜோடித்துவிடும்.

ஜூன் 16, காலை 8.00

"இதுவரை போட்ட பணம் வீணாகிவிடுமே" என்ற கேள்விக்குச் சுருக்கமாக: போட்டது போனதுதான், நிறுத்தினாலும் தொடர்ந்தாலும் அது திரும்ப வராது. இன்று புதிதாக வந்த ஒருவர், மிச்சச் செலவை மட்டும் பார்த்து இதைத் தொடங்குவாரா என்று கேளுங்கள். நிறுத்துபவருக்குத்தான் கெட்ட பெயர் வரும், தொடர்பவருக்கு வராது. அதனால்தான் யாரும் நிறுத்துவதில்லை. கணக்குத் தெரியாததால் இல்லை.

ஜூன் 19, இரவு 10.15

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். 40 வரியை 6 ஆக்கியிருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் ஆள் பெயர் போட்டிருக்கிறார், மேனேஜர் "ஆடிட்டில் 40 எங்கே என்று கேட்பார்கள்" என்று முறைக்கிறாராம். முப்பத்துநான்கையும் இரண்டாவது ஷீட்டில் வையுங்கள், ஆடிட்டருக்கு அது போதும். கூட்டத்தில் முதல் ஷீட்டை மட்டும் திறங்கள்.

அந்த 6-ஐ இங்கே ஒட்டியிருக்கிறீர்கள், பார்த்தேன். ஐந்து நன்றாக இருக்கிறது. மூன்றாவதில், "வெண்டர் இன்டர்ஃபேஸ் வரவில்லை என்றால் கையால் கோப்பு ஏற்றும் முறைக்குப் போகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நாளுக்குள் வரவில்லை என்றால்? கையால் ஏற்றும் முறையைத் தயார் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று அந்த வேலையைச் செய்யப் போகிறவரிடம் கேட்டீர்களா? திறப்புத் தேதியிலிருந்து அந்த நாட்களைப் பின்னால் எண்ணி வாருங்கள். நீங்கள் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி பார்த்தால் அந்தத் தேதி அடுத்த வாரமே வருகிறது என்று எனக்குப் படுகிறது. நாளைக்கே கேட்டுவிடுங்கள்.